செல்போன் திரை மீதான புகார்கள் நியாயமானவையா? - ஒரு வரலாற்றுப் பார்வை

முன்னுரை

"பாய், போனு கீழயே விழல பாய். ராத்திரி அப்டேட்டு கேட்டுச்சு, போட்டுட்டுப் படுத்துட்டேன். காலையில எடுத்துப் பாத்தா நடுவுல பச்சையா ஒரு கோடு!"

"டிஸ்ப்ளே போயிருச்சு தம்பி. மாத்தணும்."

"எவ்வளவு பாய் ஆகும்?"

தொகையைக் கேட்டதும் வந்தவரின் முகம் மாறிவிடுகிறது. போன் வாங்கிய விலையில் பாதியை நெருங்குகிறது அது!

செல்போன் ரிப்பேர் கடை இருக்கும் எந்த ஊரிலும் கடந்த சில வருடங்களில் கேட்டிருக்கக் கூடிய பேச்சுதான் இது. ஆனால் மீமிசல் போன்ற ஓர் ஊரில் இதன் பொருள் கொஞ்சம் வேறு. புதுக்கோட்டை மாவட்டம், ஆவுடையார்கோவில் வட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது மீமிசல். ஒரு பக்கம் பாக் நீரிணை, சுற்றிலும் மீனவ ஊர்கள், உப்பளங்கள். பல வீடுகளில் ஒருவர் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருப்பார். அவருடைய முகத்தை வீட்டில் உள்ளவர்கள் தினமும் பார்ப்பது ஆறு அங்குலக் கண்ணாடி ஒன்றில்தான். அவர் அனுப்பிய பணம் வந்து விட்டதா என்று பார்ப்பதும், கடையில் பணம் கொடுப்பதும், பிள்ளை பாடம் பார்ப்பதும் அதே கண்ணாடியில்தான். அது இருண்டு விட்டால் உள்ளே போன் உயிரோடு இருந்தும் பயனில்லை. அழைப்பு மணி அடிக்கும், ஆனால் எடுக்க முடியாது!

அதனால்தான் திரையைப் பற்றிய புகார்கள் இவ்வளவு கோபத்தோடு வருகின்றன. ஆனால் கோபம் இருக்கும் இடத்திலெல்லாம் நியாயம் இருக்க வேண்டும் என்பதில்லை. "கம்பெனிக்காரன் ஏமாத்துறான்" என்று ஒரு தரப்பும், "ஒழுங்கா வச்சுக்கத் தெரியல" என்று இன்னொரு தரப்பும் மாறி மாறிச் சொல்லிக் கொண்டிருக்க, உண்மை எங்கே இருக்கிறது? இதற்குப் பதில் தேட, செல்போன் திரையின் வரலாற்றையே கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

புகாரே இல்லாத காலம்

2003-ல் வந்த நோக்கியா 1100-ஐ யாரும் மறந்திருக்க முடியாது. அதன் திரையில் அகலவாக்கில் 96 புள்ளிகள், உயரவாக்கில் 65 புள்ளிகள், அவ்வளவுதான்! கலர் கிடையாது. தொட்டால் வேலை செய்யாது. உலகம் முழுவதும் 25 கோடி போன்கள் விற்ற மாடல் அது. அந்தத் திரை மோசம் என்று புகார் சொன்னவர்கள் மிகக் குறைவு. காரணம் எளிமையானது. திரைக்கு அங்கே இருந்த வேலை, யார் கூப்பிடுகிறார்கள் என்று காட்டுவது மட்டுமே. மற்றபடி எல்லாமே பட்டன்தான். திரை மங்கிப் போனாலும் பச்சை பட்டனை அழுத்திப் பேசலாம்.

அதே 2003-ல் வந்த நோக்கியா 6600-ல் 65,536 கலர்கள் வந்தன, 176-க்கு 208 புள்ளிகள். அன்றைக்கு அது பெரிய அதிசயம். அங்கேயும் பட்டன்கள் இருந்தன.

திரையையே போனாக்கும் எண்ணம் அதற்கு முன்பே இருந்தது. 1994-ல் ஐ.பி.எம். நிறுவனம் விற்ற 'சைமன்' என்ற போன், தொடுதிரை கொண்டது. உலகின் முதல் ஸ்மார்ட்போன் என்று பலரும் அதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அது பரவவில்லை. 2007 ஜனவரி 9 அன்று ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபோனை மேடையில் காட்டியபோதுதான் பட்டன்கள் விடைபெறத் தொடங்கின. அன்றிலிருந்து திரை போனால் போனே போச்சு என்ற நிலைமை ஆரம்பமானது. திரை மீதான புகார்களின் வரலாறும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதல் புகார்: கீறல்

வேடிக்கை என்னவென்றால், ஐபோன் திரை மீது முதல் புகார் சொன்னவரே ஸ்டீவ் ஜாப்ஸ்தான்! மேடையில் காட்டப்பட்ட மாதிரியில் இருந்தது பிளாஸ்டிக் திரை. பாக்கெட்டில் சாவியோடு போட்டு வைத்ததில் அது கீறிப் போனதைப் பார்த்த அவர், கண்ணாடிதான் வேண்டும் என்று உத்தரவிட்டார். அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் 1960-களிலேயே ஒரு வலுவூட்டிய கண்ணாடியைச் செய்து, வாங்க ஆளில்லாமல் மூட்டை கட்டி வைத்திருந்தது. அந்த அனுபவம் மீண்டும் தூசி தட்டப்பட்டது. அதன் வழியில் வந்ததுதான் இன்று பல போன்களில் பெயர் போட்டு விற்கப்படும் கொரில்லா கிளாஸ்.

முதலாளி சொன்ன புகார் என்பதால் சில மாதங்களில் தீர்ந்தது. ஆனால் கீறல் பற்றிய புகார் மட்டும் இன்றுவரை தீரவில்லை. ஏன்?

இதற்குப் பதில் மணலில் இருக்கிறது. பொருட்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில், போன் கண்ணாடி 6 என்ற அளவில் கீறத் தொடங்கும். மணலில் உள்ள குவார்ட்ஸின் கடினம் 7. அதாவது சாவியும் காசும் கீறாத கண்ணாடியைக் கடற்கரை மணலின் ஒரு துகள் கீறி விடும்! கைலியின் மடிப்பில் மணலோடு சேர்த்துப் போனை வைத்துக் கொண்டு, "கீறாதுன்னு சொன்னாங்களே" என்றால் அதில் பாதி நியாயம்தான் உண்டு. கண்ணாடியை இன்னும் கடினமாக்கினால் கீழே விழும்போது எளிதில் உடையும். உடையாதபடி இளக்கமாக்கினால் எளிதில் கீறும். இரண்டையும் ஒரே அளவுக்குத் தரும் கண்ணாடி இன்னும் வரவில்லை.

இரண்டாவது புகார்: எழுத்து தெளிவாக இல்லை

2010 ஜூனில் ஐபோன் 4 வந்தது. ஒரு அங்குலத்துக்கு 326 புள்ளிகள். பத்து, பன்னிரண்டு அங்குலத் தூரத்தில் வைத்துப் பார்த்தால் 300 புள்ளிகளுக்கு மேல் மனிதக் கண்ணால் பிரித்துப் பார்க்க முடியாது என்றார் ஜாப்ஸ். உடனே திரை நிபுணர் ரேமண்ட் சோனைரா மறுத்தார். மிகக் கூர்மையான கண்ணுக்கு 477 புள்ளிகள் வேண்டும் என்பது அவர் கணக்கு. வானியல் அறிஞர் பில் பிளேய்ட் கணக்குப் போட்டுப் பார்த்து, சராசரிக் கண்ணுக்கு 286-க்கு மேல் போதும், ஜாப்ஸ் சொன்னது பெரும்பாலானவர்களுக்குச் சரிதான் என்றார்.

அந்தச் சண்டை நடந்து கொண்டிருந்த அதே வருடம் இன்னொரு புகார் கிளம்பியது. நெக்ஸஸ் ஒன், சாம்சங் கேலக்ஸி எஸ் ஆகிய போன்களில் 480-க்கு 800 புள்ளிகள் என்று போட்டிருந்தார்கள். ஆனால் எழுத்துக்களின் ஓரம் பிசிறு தட்டியது. வழக்கமாக ஒரு புள்ளிக்குள் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று துணுக்குகள் இருக்கும். 'பென்டைல்' எனப்படும் இந்த முறையில் சராசரியாக இரண்டே துணுக்குகள்தான். கணக்குப் போட்டால் 11,52,000 துணுக்குகள் இருக்க வேண்டிய இடத்தில் 7,68,000 மட்டுமே! பெட்டியில் எழுதியிருந்தது பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை.

இந்தப் புகாரில் நியாயம் இருந்தது. அதிலும் தமிழ் படிப்பவருக்கு இரண்டு மடங்கு நியாயம். ஆங்கிலத்தில் 'l', 'i' என்று ஒற்றைக் கோடாக நிற்கும் எழுத்துக்கள் உண்டு. தமிழிலோ 'ணை', 'ஞ', 'ஜ', 'ஐ' என்று சுழி சுழியாக வளையும் எழுத்துக்கள். ஒரே உயரத்துக்குள் அதிக வளைவுகள் அடங்க வேண்டும். புள்ளிகள் குறைந்தால் முதலில் அடிபடுவது நம் எழுத்துதான்.

அதே சமயம், அந்தக் காலத்துப் பல ஆண்ட்ராய்டு போன்களில் தமிழ் தெரியாமல் கட்டம் கட்டமாகத் தெரிந்ததற்கும் பலர் திரையைத்தான் திட்டினார்கள். அது திரையின் குற்றமில்லை. போனுக்குள் தமிழ் எழுத்துருவே வைக்கப்படவில்லை என்பதுதான் காரணம். புகார் நியாயம், குற்றவாளி மட்டும் வேறு!

பென்டைல் சண்டை பிறகு தானாகவே அடங்கியது. புள்ளிகளின் எண்ணிக்கை மிகவும் கூடியதும் துணுக்கு குறைவது கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. இன்றும் பெரும்பாலான அமோலெட் திரைகள் அந்த வகைதான். யாரும் குறை சொல்வதில்லை.

மூன்றாவது புகார்: சாய்த்தால் தெரியவில்லை, வெயிலில் தெரியவில்லை

பழைய எல்.சி.டி. திரைகளை நேராகப் பார்த்தால்தான் படம். கொஞ்சம் சாய்த்தால் கலர் மாறி, வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் தெரியும். "அது அப்படித்தான், எல்.சி.டி.யின் இயல்பு" என்று கடைக்காரர்கள் சொன்னார்கள். ஒரு காலத்தில் அது உண்மையும்கூட. அந்த இயல்பை மாற்ற உதவிய கண்டுபிடிப்புகளில் ஒன்று எங்கே நடந்தது தெரியுமா? பெங்களூரில்!

சர் சி.வி. ராமன் திருச்சி மண்ணில் பிறந்தவர் என்பது எல்லோருக்கும் தெரியும். அவருடைய சகோதரியின் மகன் சிவராமகிருஷ்ண சந்திரசேகர் (1930 - 2004). நட்சத்திரங்களை ஆராய்ந்து நோபல் பரிசு வாங்கிய சுப்பிரமணியன் சந்திரசேகர் வேறு, இவர் வேறு. பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் திரவப் படிகங்களை ஆராய்ந்த இவர், தன் குழுவினருடன் 1977-ல் ஒரு புது வகைத் திரவப் படிகத்தைக் கண்டுபிடித்தார். அதுவரை தெரிந்த திரவப் படிகங்களின் மூலக்கூறுகள் குச்சி வடிவில் இருந்தன. இவர் கண்டது தட்டு வடிவில் இருந்தது. இந்தத் தட்டு வடிவப் படிகங்களைப் பூசிய மெல்லிய ஏட்டை 1990-களில் ஜப்பானின் ஃபியூஜி நிறுவனம் செய்தது. அதை எல்.சி.டி. மேல் ஒட்டியதும் சாய்த்துப் பார்த்தாலும் படம் தெரிந்தது. இன்னொரு பக்கம் ஜப்பானிலேயே ஐ.பி.எஸ். என்ற வேறு முறையும் வளர்ந்து, பின்னாளில் செல்போன்களுக்கு அதுவே வந்தது.

சந்திரசேகரின் தம்பி பஞ்சரத்தினம் (1934 - 1969). முப்பத்தைந்து வயதிலேயே மறைந்துவிட்ட மேதை. ஒளியை எல்லா நிறங்களுக்கும் ஒரே மாதிரி சுழற்றித் தரும் தகடுகளை எப்படி அடுக்குவது என்று 1955-ல், இருபத்தொரு வயதில் எழுதினார். அந்த வகைத் தகடுகளுக்கு இன்றைய அமோலெட் போனில் என்ன வேலை? அமோலெட் திரையின் அடியில் உலோகப் படலம் ஒன்று கண்ணாடி போல இருக்கிறது. வெயில் உள்ளே போய் அதில் பட்டுத் திரும்பி வந்தால் படமே தெரியாது. அப்படித் திரும்பும் ஒளியைத் தடுத்து நிறுத்துவது மேலே ஒட்டியுள்ள, ஒளியைச் சுழற்றும் ஏடுதான்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. "இது இயல்பு, ஒன்றும் செய்ய முடியாது" என்று சொல்லப்பட்ட குறைகளும் பிறகு தீர்ந்திருக்கின்றன. அதனால் இயற்கை விதியால் வரும் குறையைச் சொல்வதும் வீண் இல்லை. ஆனால் அந்தக் குறைக்காக ஒரு போனை மோசடி என்று சொல்ல முடியாது.

வெயில் விஷயத்தில் மட்டும் ஒரு சின்னக் கள்ளத்தனம் உண்டு. விளம்பரத்தில் "2000 நிட்ஸ் பிரகாசம்", "4000 நிட்ஸ் பிரகாசம்" என்று போடுகிறார்கள். உச்சகட்டமாகச் சொல்லப்படும் இந்த அளவு பெரும்பாலும் திரையின் ஒரு சிறு பகுதி மட்டும், அதுவும் சிறிது நேரம் மட்டும் எட்டக் கூடியது. நடுப்பகலில் படகில் நின்று ஜி.பி.எஸ். பார்க்கும் மீனவருக்கு முழுத் திரையிலும் அந்த வெளிச்சம் கிடைக்காது. அவர் "சொன்ன மாதிரி இல்லையே" என்றால், அது நியாயமான புகார்.

நான்காவது புகார்: தானாகச் சாகும் திரை

இதுவரை பார்த்தவை எல்லாம் திரை எப்படித் தெரிகிறது என்பது பற்றியவை. அடுத்தது வேறு ரகம். நன்றாக இருந்த திரை, உடையாமல் நனையாமல் தானே செத்துப் போவது! இங்கேதான் வரலாறு தெளிவாகப் பேசுகிறது.

2014-ல் வந்த ஐபோன் 6 பிளஸ் போன்களில் இரண்டு வருடத்தில் மேலே சாம்பல் நிறப் பட்டை ஒன்று மின்னத் தொடங்கி, பிறகு தொட்டால் வேலை செய்யாமல் போனது. ரிப்பேர் செய்பவர்கள் 2016-ல் இதற்கு 'டச் நோய்' என்றே பெயர் வைத்தார்கள். போன் உடம்பு கொஞ்சம் வளையும்போது உள்ளே தொடுதலைக் கவனிக்கும் சிப்பின் பற்றவைப்பு விட்டுப் போகிறது என்பது அவர்கள் கண்டுபிடிப்பு. 2016 நவம்பரில் ஆப்பிள் பதில் சொன்னது. போன் கடினமான தரையில் பலமுறை விழுந்து, பிறகு மேலும் அழுத்தம் பட்டதால் வருவது இது என்றது! சரி செய்ய 149 டாலர் கட்டணம். அன்றைய மதிப்பில் சுமார் 10,000 ரூபாய்.

ஆனால் 2018-ல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்றின் ஆவணங்கள் மூலம் வேறு கதை வெளியே வந்தது. ஐபோன் 5எஸ்-ஐ விட 6 பிளஸ் வளையும் வாய்ப்பு 7.2 மடங்கு அதிகம் என்று விற்பனைக்கு முன்பே ஆப்பிளின் சொந்தச் சோதனையில் தெரிந்திருந்தது. 2016 மே மாதத்திலேயே அந்தச் சிப்பின் அடியில் வலுவூட்டும் பசையைச் சேர்க்கவும் தொடங்கியிருந்தார்கள். அதாவது குறை தெரிந்து, புதுப் போன்களில் திருத்தமும் செய்த பிறகு, பழைய போன் வைத்திருந்தவரிடம் "நீ கீழே போட்டிருப்பாய்" என்று சொல்லப்பட்டது!

2017 அக்டோபரில் கூகுளின் பிக்சல் 2 எக்ஸ்.எல். வந்தது. சில நாட்களிலேயே கீழ்ப்பகுதிப் பட்டன்களின் நிழல் திரையில் நிரந்தரமாகப் படியத் தொடங்கியது. புகார்கள் குவிந்ததும் அதே மாதமே வாரண்டியை இரண்டு வருடமாக உயர்த்தினார்கள். 2019 ஏப்ரலில் சாம்சங்கின் மடக்கும் போன் கேலக்ஸி ஃபோல்ட், விமர்சகர்கள் கையில் கொடுத்த சில நாட்களிலேயே செத்தது. சிலர் மேலே இருந்த படலத்தை ஸ்டிக்கர் என்று நினைத்துப் பிய்த்திருந்தார்கள். அதைத் தொடாதவர்களின் போனும் கெட்டது. விற்பனை நிறுத்தப்பட்டு, திருத்தம் செய்து, செப்டம்பரில்தான் வெளியிட்டார்கள். ஐபோன் எக்ஸ் (2018-ல்), ஐபோன் 11 (2020-ல்) ஆகியவற்றில் தொடுதிரைக் கோளாறு என்று ஒப்புக்கொண்டு ஆப்பிள் இலவசமாக மாற்றித் தந்தது.

எல்லாவற்றிலும் ஒரே வரிசைதான் தெரிகிறது. ஒருவர் சொன்னால் "உங்கள் தவறு". நூறு பேர் சொன்னால் "ஆராய்கிறோம்". ஆயிரக்கணக்கில் சொன்னால் "இலவசமாக மாற்றித் தருகிறோம்"!

பச்சைக் கோடு: இந்தியாவின் கதை

இனி மீண்டும் அந்தப் பச்சைக் கோட்டுக்கு வரலாம். 2022, 2023 வாக்கில் இந்தியாவில் அமோலெட் திரை கொண்ட பல போன்களில் மேலிருந்து கீழாகப் பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ கோடு விழுவதாகப் புகார் எழுந்தது. பலருக்கும் சாப்ட்வேர் அப்டேட் போட்ட கையோடு இது வந்ததால் பழி அப்டேட் மேல் விழுந்தது. ஒன்பிளஸ் போன்களைப் பற்றித்தான் அதிகம் பேசப்பட்டது. 2020-ல் 54,999 ரூபாய் முதல் விற்ற ஒன்பிளஸ் 8 புரோவும் அதில் ஒன்று. ஒரு வருட வாரண்டி எப்போதோ முடிந்து போயிருந்தது.

2023-ல் அந்த நிறுவனம் இறங்கி வந்தது. ஒன்பிளஸ் 8 புரோ, 8டி, 9, 9ஆர் ஆகிய மாடல்களுக்கு இந்தியாவில் திரைக்கு மட்டும் வாழ்நாள் வாரண்டி தருவதாக அறிவித்தது. 2024-ல் சாம்சங்கும் தன் பழைய எஸ் வரிசை மாடல்கள் சிலவற்றுக்கு ஒரு முறை இலவசமாகத் திரை மாற்றித் தந்தது.

இதற்கிடையே வாங்கியவர்கள் மட்டுமல்ல, விற்றவர்களும் புகார்க்காரர்கள் ஆனார்கள். தென்னிந்திய செல்போன் கடைகளின் சங்கமான ஓ.ஆர்.ஏ. 2024 ஏப்ரலில் ஒன்பிளஸ் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதியது. தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் சுமார் 4,500 கடைகளில் மே 1 முதல் ஒன்பிளஸ் விற்பனையை நிறுத்துவோம் என்றது அந்தக் கடிதம். லாபம் குறைவு என்பது ஒரு காரணம். வாரண்டி கோரிக்கைகளைத் தீர்ப்பதில் தாமதம், அதனால் வாடிக்கையாளர் கடைக்காரரிடம் வந்து சண்டை போடுகிறார் என்பது இன்னொரு காரணம். கோட்டுக்கும் கடைக்கும் சம்பந்தமில்லை. ஆனால் திட்டு வாங்குவது கடையில் நிற்பவர்தான்!

2024 டிசம்பரில் ஒன்பிளஸ் தன் எல்லா மாடல்களுக்கும் பச்சைக் கோட்டுக்கான வாழ்நாள் வாரண்டியை இந்தியாவில் விரித்தது. கூடவே ஒரு விளக்கமும் தந்தது. திரையின் ஓரங்களை இன்னும் இறுக்கமாக மூடும் பூச்சு ஒன்றைச் சேர்த்திருப்பதாகவும், 85 டிகிரி வெப்பத்திலும் 85 சதவீத ஈரப்பதத்திலும் திரைகளைச் சோதிப்பதாகவும் சொன்னது.

இந்த வரியை மீமிசலில் இருந்து படித்தால் அதன் அர்த்தம் புரியும். 1987-ல் கோடாக் நிறுவனத்தில் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் ஆகிய இருவரும் இன்றைய ஓலெட் திரைகளுக்கு அடித்தளமிட்ட கட்டுரையை வெளியிட்டார்கள். ஒளிரும் அந்தக் கரிமப் பொருட்களுக்கு இரண்டு எதிரிகள். ஒன்று ஈரம், இன்னொன்று ஆக்சிஜன். ஓரத்தில் முடியளவு வழி கிடைத்தாலும் உள்ளே புகுந்து அரித்து விடும். சித்திரை வெயிலும் கடற்காற்றின் ஈரமும் சேர்ந்திருக்கும் கடலோர ஊரில் வாழ்வது போனின் தவறான உபயோகம் அல்ல. அது அங்கே இருப்பவரின் வாழ்க்கை. இந்த நாட்டில் விற்கும் போன், இந்த நாட்டின் வெப்பத்தையும் ஈரத்தையும் தாங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் எந்த அநியாயமும் இல்லை.

மறுபக்கம்

அப்படியானால் எல்லாப் புகாரும் நியாயமா? இல்லை!

கீழே போட்டு உடைத்துவிட்டு வாரண்டி கேட்பவர்கள் உண்டு. செலவைக் குறைக்க டூப்ளிகேட் காம்போ மாட்டிவிட்டு, "கலர் நல்லால்ல, டச் இழுக்குது" என்று கம்பெனியைத் திட்டுபவர்களும் உண்டு. மேலே ஒட்டிய மட்டமான டெம்பர் கிளாஸால் தொடுதல் சரியாக வேலை செய்யாதபோது பழி திரைக்குப் போகிறது. இரண்டு போன்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றின் வெள்ளை கொஞ்சம் மஞ்சளாக இருக்கிறது என்று குறை சொல்வதும் அநேகமாக வீண்தான். செட்டிங்ஸில் போய் மாற்றிக் கொள்ளலாம். அமோலெட் திரையில் ஒரே படத்தை வருடக்கணக்கில் முழு வெளிச்சத்தில் வைத்திருந்தால் நிழல் படியத்தான் செய்யும்.

"கண் வலிக்கிறது" என்ற புகார் மட்டும் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பல அமோலெட் திரைகள் வெளிச்சத்தைக் குறைக்க, நொடிக்கு 240 முறை போல அணைந்து அணைந்து எரிகின்றன. பெரும்பாலானவர்களுக்கு இது தெரியாது. சிலருக்குத் தலைவலி வருகிறது. அவர்கள் பொய் சொல்லவில்லை. திரை பழுது என்றும் சொல்ல முடியாது. இப்போது பல நிறுவனங்கள் இந்த வேகத்தைப் பல மடங்கு கூட்டி அதையே விளம்பரமாகவும் போடுகின்றன. புகார் இல்லாமல் இந்த மாற்றம் வந்திருக்குமா?

யாருக்குக் கேட்கும்?

இங்கே ஒரு கசப்பான உண்மையும் இருக்கிறது. பெருநகரத்தில் இருப்பவர் ஆங்கிலத்தில் நாலு வரி எழுதி, படத்தோடு ட்விட்டரில் போட்டால் கம்பெனியே தேடி வந்து பேசும். கடலோரச் சிற்றூரில் இருப்பவர் பஸ் ஏறி நகரத்துக்குப் போய், டோக்கன் வாங்கி உட்கார்ந்து, "ஈரம் போயிருக்கு, வாரண்டி கிடையாது" என்ற ஒரே வரியைக் கேட்டுக் கொண்டு திரும்புவார். ஒரு நாள் கூலியும் போச்சு. அதனால் பலர் புகாரே செய்வதில்லை. இலவசமாக மாற்றித் தரும் அறிவிப்பு வந்தது தெரியாமல், கையில் இருந்த காசைக் கொடுத்துத் திரை மாற்றியவர்களும் இருப்பார்கள்.

ஆனால் சட்டம் அவர்களுக்கும் வழி வைத்திருக்கிறது. 1986-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பதிலாக 2019-ல் புதுச் சட்டம் வந்து, 2020 ஜூலை 20 முதல் அமலில் இருக்கிறது. இதன்படி பொருள் எந்த ஊரில் வாங்கப்பட்டிருந்தாலும், ஆன்லைனில் வாங்கியிருந்தாலும், வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். மீமிசல்காரர் பெங்களூருக்கோ டெல்லிக்கோ போக வேண்டாம், புதுக்கோட்டை மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன்பாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் முறையிடலாம்.

இதற்கெல்லாம் தேவை, பில்லும் சர்வீஸ் சென்டர் கொடுக்கும் ஜாப் சீட்டும். வாய் வார்த்தையாக "வாரண்டி கிடையாது" என்று கேட்டுவிட்டு வந்தால் அது காற்றோடு போச்சு. காரணத்தை எழுதி வாங்கினால் அதுவே சாட்சி. கோடு விழுந்த அன்றே, கண்ணாடி உடையாமல் இருப்பது தெரியும்படி ஒரு படம் எடுத்து வைப்பதும் நல்லது.

முடிவுரை

செல்போன் திரை மீதான புகார்கள் நியாயமானவையா என்ற கேள்விக்கு வரலாறு தரும் பதில் இதுதான். திரை செய்ய முடியாததைச் செய்யவில்லை என்பது புகார் அல்ல, ஆசை. சொன்னதைச் செய்யவில்லை என்பது நியாயமான புகார். செய்து கொண்டிருந்ததைத் தானே நிறுத்தி விட்டது என்பது, மறுக்கவே முடியாத புகார். மூன்றாவது வகையை முதலில் மறுத்த நிறுவனங்களும் கடைசியில் இறங்கி வந்திருக்கின்றன.

ஆனால் அவை தாமாக இறங்கி வரவில்லை. யாரோ சிலர் விடாமல் கேட்டதால் வந்தன. கேட்டவர்களின் எண்ணிக்கை கூடியதால் வந்தன. கடலோரத்தில் ஒருவர் "நம்ம நேரம்" என்று நொந்து கொண்டு காசைக் கொடுத்துவிட்டுப் போகும்போது அந்த எண்ணிக்கையில் ஒன்று குறைகிறது. அடுத்து வருபவரிடம் "உங்கள் தவறு" என்று சொல்வது அந்த அளவுக்கு எளிதாகிறது.

கோடு விழுந்தால் முதலில் பில்லைத் தேட வேண்டும். காசு எடுப்பது அதற்குப் பிறகுதான்!